இ-சிகரெட்டுக்குக் காயில் கட்டித் தர வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இ-சிகரெட் பறிமுதல் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவருகின்றன. எத்தனை கருவிகள் பிடிபட்டன, யார் கைதானார், அவற்றின் மதிப்பு என்ன என்பதையெல்லாம் படிக்கிறோம். பிடிபடாமல் ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்ட கருவி அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அது சில வாரங்களில் பழுதாகிறது. பழுதானதைச் சரிசெய்து தரும் ஆளைத் தேடி வருகிறது. அப்படித் தேடி வரப்படும் தொழிலைச் செய்பவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு எட்டாத நாட்களில் போர்வெல் மோட்டார்கள் இரவு பகலாக ஓடுவதும், மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் ஓடிக் கருகுவதும், எங்களிடம் வந்து மறுபடி கட்டப்பட்டுப் போவதும் டெல்டா வாசகர்கள் நன்கு அறிந்தவை. அண்மைக் காலமாக எங்களைப் போன்ற பட்டறைகளுக்கும், எலக்ட்ரிக்கல் கடைகளுக்கும், செல்போன் பழுது பார்க்கும் கடைகளுக்கும் இளைஞர்கள் வந்து, "கொஞ்சம் நிக்ரோம் கம்பி வேண்டும்" என்று கேட்கிறார்கள். அயர்ன் பாக்ஸுக்கா, ஹீட்டருக்கா என்று கேட்டால் பதில் வருவதில்லை. சிலர் வெளிப்படையாகவே இ-சிகரெட்டின் டேங்க்கை மேசைமீது வைத்து, இதற்கு ஒரு காயில் சுற்றிப் பஞ்சு மாற்றித் தர முடியுமா என்கிறார்கள். முடியும் என்று சொல்லிச் செய்து கொடுப்பவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும், கேட்டு வரும் பிள்ளைகளுக்கும், அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இந்தச் சின்னச் சுருளுக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "கெடுதல், தொடாதே" என்று மட்டும் சொன்னால் வயதுப் பிள்ளைகள் கேட்பதில்லை. எது, எப்படி, எந்த இடத்தில் கெடுதல் என்று காட்டினால் கேட்கிறார்கள் என்பதைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

கருவியின் அமைப்பு மிக எளிமையானது. அந்த எளிமைதான் ஆளை ஏமாற்றுகிறது. கீழே பேட்டரி. மேலே டேங்க் எனப்படும் சிறு குப்பி. குப்பிக்குள் புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருள் ஆகியவை கலந்த திரவம். நடுவில், மின்சாரம் பாய்ந்தால் சூடாகும் கம்பிச் சுருள், அதுதான் காயில்; சுருளுக்குள் நுழைத்த பஞ்சுத் திரி. குத்துவிளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சி நுனிக்குக் கொண்டுவருவதைப் போலவே இந்தப் பஞ்சும் திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கொண்டுவருகிறது. எண்ணெய் இருக்கும்வரை விளக்குத் திரி எளிதில் கருகுவதில்லை. எண்ணெய் வற்றினால் திரியே எரிகிறது. அந்த விதி இங்கும் எழுத்துப் பிசகாமல் பொருந்தும்.

டேங்க் உள்ள பல கருவிகளில் காயிலும் பஞ்சும் விரல் நுனியளவு உலோகக் கூட்டுக்குள் அடைத்தே வருகின்றன. இழுக்கும்போது கருகல் வாடை வந்தால் அந்தக் கூட்டைத் திருகிக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். பொருத்துவதற்கு முன் பஞ்சில் சில துளி திரவம் விட்டு, டேங்க்கை நிரப்பி, பஞ்சு முழுவதும் ஊறும்வரை பத்து நிமிடமாவது காத்திருந்து, குறைந்த வாட்டில் தொடங்குவது முறை. ஒரு கூடு ஒன்றிரண்டு வாரம் தாங்கும். திரவத்தில் சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டி இருந்தால் அது காயிலில் கரியாகப் படிந்து, இன்னும் சீக்கிரமே அதைக் கெடுத்துவிடும். கருவி விற்பனை அனுமதிக்கப்பட்டுள்ள நாடுகளில் இதெல்லாம் கடையில் வாங்கி மாற்றும் சாதாரணக் காரியம். இங்கே அந்தக் கூடு கடையில் கிடைக்காது. சட்டப்படி கிடைக்கவும் கூடாது. மறைமுகமாக வருவதற்கு விலை அதிகம். தரத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. ஆகவே, துபாயிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த கருவியை வைத்திருக்கும் இளைஞருக்குத் தீர்ந்துபோன கூட்டைப் பிரித்துத் தானே காயில் சுற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறது. கைபேசியில் தேடினால் செய்முறைக் காணொளிகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கின்றன. இரண்டு திருகு, கொஞ்சம் கம்பி, ஒரு துண்டுப் பஞ்சு, ஐந்து நிமிடம் என்று அவை சொல்கின்றன.

என் தொழில் அறிவுக்கு உட்பட்ட செய்தி இங்கேதான் தொடங்குகிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

காணொளியில் 28 கேஜ் (தடிமன் எண்) காந்தல் கம்பியை 3 மி.மீ. குச்சியின் மீது ஆறு சுற்றுச் சுற்றச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் சொல்லும் 28 என்பது அமெரிக்க அளவு. அந்தக் கம்பியின் விட்டம் 0.32 மி.மீ. நம் கடையில் 28 என்று கேட்டால் கிடைப்பது, காலங்காலமாக நாம் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் அளவு. அதன் விட்டம் 0.376 மி.மீ. எண் ஒன்றுதான், கம்பி வேறு. தடித்த கம்பிக்கு மின்தடை குறைவு. இந்த வித்தியாசத்திலேயே கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அடுத்து, காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகம். நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்தது. ஒரே தடிமனில் அதன் மின்தடை காந்தலைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. இரண்டு குறைவும் ஒன்று சேர்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. காணொளியில் சொன்னபடி சுற்றினால், திருகில் மாட்டும் இரு முனைக் கால்களையும் சேர்த்து ஏழு செ.மீ.க்குச் சற்று அதிகமான கம்பி செல்லும். அது அமெரிக்க 28 காந்தலாக இருந்தால் ஏறத்தாழ 1.3 ஓம் வரும். அதே ஆறு சுற்றை நம் 28 நிக்ரோமில் சுற்றினால் 0.7 ஓம்தான் வரும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் செல்லின் 4.2 வோல்ட்டில், முதல் காயில் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். இரண்டாவது 6 ஆம்பியர் இழுக்கும். வெப்பம் ஏறத்தாழ 14 வாட்டிலிருந்து 25 வாட்டுக்குத் தாவுகிறது. பிள்ளைகள் பலர் ஆவி அதிகம் வரவேண்டும் என்பதற்காக இரட்டைக் காயில் பொருத்துகிறார்கள். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் மின்தடை மறுபடி பாதியாகி 0.35 ஓம் ஆகிறது. மின்னோட்டம் 12 ஆம்பியர். சுற்றியவர் தவறாக எதையும் செய்யவில்லை. சொன்னபடியே சுற்றினார். ஆனால் காணொளியின் ஒற்றைக் காயில் இழுப்பதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு மின்னோட்டம் அந்தச் செல்லிலிருந்து பாய்கிறது.

அளந்து பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். ஒரு ஓமுக்குக் கீழே அந்த மீட்டரை நம்பி முடிவெடுக்க முடியாது என்பது காயில் கட்டுபவர் எல்லோருக்கும் தெரியும். நிக்ரோமுக்குப் பதிலாக மோட்டார் கட்டும் எனாமல் செம்புக் கம்பியைக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். செம்பில் அதே ஏழு செ.மீ. நீளத்துக்கு மின்தடை ஒரு ஓமில் நூறில் ஒரு பங்குதான். அது காயிலே அல்ல, நேரான ஷார்ட். தவிர, கம்பியின் மேல் உள்ள எனாமல் பூச்சு சூட்டில் சிதைந்து வெளிவிடும் புகையை, எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது நாங்களே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தாங்குகிறோம். அதை வாயில் வைத்து இழுப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இனி செல். கருவியின் உள்ளே மின்னணுச் சுற்று இருந்தால், அது காயிலின் மின்தடையை அளந்து, வரம்புக்குக் கீழே போனால் மின்சாரத்தை நிறுத்திவிடும். சுற்று எதுவும் இல்லாமல் உலோகக் குழாய், பொத்தான், செல் ஆகியவை மட்டுமே கொண்ட கருவிகளும் உண்டு. அவற்றில் ஓமின் விதியைத் தவிர வேறு காவல் இல்லை. இவற்றில் போடுவது பொதுவாக 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள 18650 என்னும் செல். பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்தால் அதே அளவில் செல்கள் கிடைக்கின்றன என்பதால் பழைய சாமான் கடைகளில் அவற்றை வாங்கிவந்து போடுகிறார்கள். மடிக்கணினிச் செல்கள் குறைந்த மின்னோட்டத்தை நீண்ட நேரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றின் உச்ச வரம்பு 4, 5 ஆம்பியருக்குள்தான். அப்படிப்பட்ட செல்லிடம் 12 ஆம்பியர் கேட்டால் உள்ளே வெப்பம் ஏறி, வாயு பெருகி, வெளியேற வழியில்லாத உலோகக் குழாய்க்குள் வெடிக்கிறது. வெடிக்கும்போது அது இருப்பது முகத்துக்கு நேராக, அல்லது கால்சட்டைப் பையில். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்த நாட்டில் ஊடகங்களில் பதிவான இ-சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகள் 195 என்று கணக்கிட்டது. 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சாஸிலும் கருவி வெடித்து ஒவ்வொருவர் உயிரிழந்தனர்.

பட்டறை மேசைக்கு வந்த ஒரு டேங்க்கை இங்கே விவரிக்க விரும்புகிறேன். கொண்டுவந்த இளைஞர் பாலிடெக்னிக் மாணவர், புத்திசாலி. டேங்க்கைத் திறந்து விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது, இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஏறிய இடம் மட்டும் மற்றதைவிடக் கறுத்து, கம்பி அங்கே மெலிந்திருந்தது. காயிலின் ஒரு காலை ஒட்ட வெட்டாமல் விட்டிருந்தார். அதன் முனை டேங்க்கின் உட்சுவரை மயிரிழை தூரத்தில் நோக்கிக்கொண்டிருந்தது; சுவரில் அது முன்பே உரசிய இடத்தில் ஊசிமுனை அளவில் ஒரு பொரிந்த புள்ளி. நடுப் பின்னைச் சுற்றியிருக்க வேண்டிய வெள்ளை இன்சுலேட்டர் வளையம் காப்பிப் பொடி நிறத்துக்கு மாறியிருந்தது. பஞ்சை இடுக்கியால் இழுத்தேன். அசையவில்லை, அவ்வளவு இறுக்கமாகத் திணித்திருந்தார். வெட்டி எடுத்தபோது இரு நுனிகளும் ஈரமாகவும் நடுப்பகுதி கரியாகவும் இருந்தன. செல்லின் இரு முனைகளிலும் பழைய பேட்டரியில் பற்றவைத்திருந்த நிக்கல் பட்டையைப் பிய்த்த வடு. நேர்முனையின் அருகே நீல உறை கிழிந்து, அதன்மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அந்தச் செல்லின் உடல் முழுவதும் எதிர்முனை என்பதும், நேர்முனைக்கும் உடலுக்கும் நடுவே இருப்பது அந்த மெல்லிய உறையும் ஒரு காகித வளையமும் மட்டுமே என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "அண்ணே, இது புகை இல்லை, வெறும் ஆவிதான்" என்றார். நான் கரிந்த பஞ்சை வெள்ளைத் தாளில் வைத்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசவில்லை. செல்லின் முனைகளில் டேப் ஒட்டி, இதை இனி எதிலும் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். காயில் கட்டித் தரவில்லை.

அந்தப் பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் காயிலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட யாரும் திரிக்குக் கொடுப்பதில்லை. பஞ்சு ஈரமாக இருக்கும்வரை காயிலின் வெப்பம் திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும். புரோபிலீன் கிளைக்காலின் கொதிநிலை 188 டிகிரி செல்சியஸ், கிளிசரினுடையது 290. ஈரம் வற்றிவிட்டால் வெப்பத்தை இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. சில நொடிகளில் அது பல நூறு டிகிரிக்கு ஏறிவிடுகிறது. பஞ்சு கருகுகிறது, கிளிசரின் சிதைந்து அக்ரோலீன், ஃபார்மால்டிஹைடு போன்றவையாக மாறுகிறது. வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தால் கண்ணைக் கரித்துத் தொண்டையை அடைக்கும் நெடி வருகிறதே, அதில் இருப்பதும் அக்ரோலீன்தான். திரியை இறுக்கித் திணித்தால் திரவம் நடுவுக்கு வந்து சேராது. தளர விட்டால் பஞ்சு தொடாத சுற்றுகள் தனியே சிவந்து காயும். பஞ்சு காயிலுக்குள் சிறு தடையோடு நழுவ வேண்டும் என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். தொடக்கநிலையில் இருப்பவருக்கு அந்தக் கை வருவதற்குள் எத்தனை கருகிய இழுப்பு நுரையீரலுக்குப் போயிருக்கும் என்பதுதான் என் கவலை.

போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட சோதனை இதையே தொடுகிறது. 3.3 வோல்ட்டில் இயக்கியபோது தென்படாத ஃபார்மால்டிஹைடுச் சேர்மங்கள், 5 வோல்ட்டில் மிகுதியாகத் தென்பட்டன. திரி காய்ந்த நிலையில் வரும் கசப்பை எந்த மனிதரும் தாங்கி இழுக்க மாட்டார், ஆகவே அந்தச் சோதனை நடைமுறைக்கு ஒவ்வாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் காய்ந்த திரியில் நஞ்சு பிறக்கிறது என்பதை மறுத்தவர்களும் மறுக்கவில்லை. கருகல் வாடையைச் சகித்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்கிய திரவம் வீணாகக் கூடாதே என்று இன்னும் நாலு இழுப்பு இழுக்கும் பிள்ளைகள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

பஞ்சுக்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அடுத்த கவலை. மருந்துக்கடைப் பஞ்சு காயத்துக்கு வைப்பதற்காக வெளுக்கப்பட்டது. சூடாக்கி முகர்வதற்கென்று அதை யாரும் சோதித்ததில்லை. தலையணையில் இருக்கும் பாலியஸ்டர் நார் சூட்டில் உருகிவிடும். இலவம் பஞ்சின் இழையில் மெழுகுத்தன்மை இருப்பதால் அது இந்தத் திரவத்தைச் சரியாக உறிஞ்சாது. தீயும் எளிதில் பற்றும். பார்வைக்கு எல்லாம் வெள்ளைப் பஞ்சுதான்.

கம்பியின் உலோகமும் ஆவியோடு வருகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குப்பியில் இருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த குரோமியம், நிக்கல், ஈயம் ஆகியவை, அதே திரவம் காயிலைத் தொட்டுச் சூடான பிறகு பல மடங்கு கூடியிருந்தன. கரி படிந்த காயிலைப் பஞ்சில்லாமல் செந்நிறமாகக் காய்ச்சிச் சுத்தம் செய்யும் பழக்கம் வேறு இருக்கிறது. அப்படித் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது கம்பியின் மேலுள்ள ஆக்சைடு அடுக்கு வெடித்து உதிர்வதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம்.

நிகோடினைப் பற்றி டெல்டா மக்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வேதாரண்யம் பக்கம் புகையிலை விளைகிறது. அசுவினிக்குப் புகையிலைக் கரைசல் அடித்த விவசாயிகள் நம்மில் பலர். பனி ஈரம் காயாத புகையிலையை அறுப்பவர்களுக்கு மயக்கமும் குமட்டலும் வருவது, இலையின் நிகோடின் ஈரத்தோடு தோலின் வழியாக உள்ளே போவதால்தான். பூச்சியைக் கொல்லும் அதே பொருள் மாம்பழ வாசனையும் இனிப்பும் சேர்த்து, சொட்டுக் குப்பியில் அடைக்கப்பட்டு, காயில் மாற்றும்போது விரலெல்லாம் வழிகிறது. மி.லி.க்கு 18 மி.கி. என்று எழுதிய 30 மி.லி. குப்பியில் 540 மி.கி. நிகோடின் இருக்கிறது. 2014-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை இந்தத் திரவத்தை விழுங்கி இறந்தது. அதன் பிறகுதான் குழந்தைகள் திறக்க முடியாத மூடியை அமெரிக்கா சட்டமாக்கியது. நம் ஊருக்கு மறைமுகமாக வரும் குப்பிக்கு எந்த மூடி இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? வீட்டில் இந்தக் குப்பி இருந்தால், அது பிள்ளை எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதைப் பெற்றோர் இன்றே பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலும் தெளிவு வேண்டும். மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்து, அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணு சிகரெட் தடைச் சட்டம், தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, வினியோகம், கொண்டுசெல்லுதல், விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்கிறது. முழுக் கருவியை மட்டுமல்ல, அதன் எந்த உதிரிப் பகுதியையும் அது உள்ளடக்குகிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். கூலி வாங்கிக்கொண்டு காயில் சுற்றிக் கொடுப்பவர் தன்னை வெறும் மெக்கானிக் என்று நினைத்துக்கொள்ளலாம். உதிரிப் பகுதியைத் தயாரிப்பவர் என்று சட்டம் நினைக்க இடமிருக்கிறது. இருபது, முப்பது ரூபாய்க் கூலிக்கு எதிரே இருப்பது இது. சிங்கப்பூர் வேலைக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி: அங்கே 2018 முதல் கருவியை வைத்திருப்பதும் பயன்படுத்துவதுமே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனை மேலும் கடுமையாகியுள்ளது. வீட்டை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் ஒரு கருவியால் போய்விடக் கூடாது.

சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு இது நல்ல மாற்று என்று இங்கிலாந்தில் சொல்கிறார்களே என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், அங்கே புகைப்பவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் அங்கே டேங்க் 2 மி.லி.க்கு மேல் கொள்ளக் கூடாது. திரவத்தில் நிகோடின் மி.லி.க்கு 20 மி.கி.க்கு மேல் கூடாது. விற்பனைக்கு வரும் ஒவ்வொன்றையும் அரசிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இங்கே எஸ்.டபிள்யூ.ஜி. நிக்ரோமும் மருந்துக்கடைப் பஞ்சும் மடிக்கணினிச் செல்லும் சேர்ந்து உருவாகும் பொருளுக்கும் அங்கே மருத்துவர்கள் பேசும் பொருளுக்கும் பெயரைத் தவிர வேறு பொருத்தம் இல்லை. சிகரெட்டை விட வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பவருக்கு மருந்துக்கடைகளில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. மருத்துவரைக் கேட்டு அளவைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தலாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணும் இருக்கிறது.

என் தொழில் செய்யும் சகோதரர்களிடம் நான் கேட்பது இதுதான். மோட்டாரைக் கட்டிக் கொடுக்கும்போது மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்காமல் நாம் யாரும் வெளியே அனுப்புவதில்லை. அது எரிந்தால் நஷ்டம் ஒரு மோட்டாரோடு போகும் என்றாலும் அனுப்புவதில்லை. முகத்துக்கு நேரே வைத்து அழுத்தப்போகும் காயிலை எந்தச் சோதனையும் இல்லாமல் கட்டிக் கொடுக்க நமக்கு மனம் வரக் கூடாது. நிக்ரோம் கம்பியைத் துண்டாகக் கேட்டு வந்தால் எதற்கு என்று கேளுங்கள். மடிக்கணினிச் செல்களைப் பிரித்துத் தனித்தனியாக விற்காதீர்கள். திட்டி அனுப்பாமல் உட்காரவைத்து, ஓம் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் ஆசிரியர்கள் ஓமின் விதியை நடத்தும்போது இந்தக் கணக்கையே எடுத்துக்காட்டாகப் போடலாம்; வகுப்பில் யாருடைய பையில் கருவி இருக்கிறதோ அந்த மாணவரே எல்லோரையும்விடக் கூர்ந்து கவனிப்பார்.

கருவியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், விட முடிவெடுக்கும்வரையிலாவது சிலவற்றைச் செய்ய வேண்டும். உறை கிழிந்த செல்லை இன்றே எடுத்துவிடுங்கள். தனிச் செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள். அவையே இரு முனைகளையும் இணைத்துவிடும். பழைய செல்லை வாய்க்காலிலோ குப்பைத் தீயிலோ வீச வேண்டாம். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். டேங்க்கைத் திறக்கும் முன் செல்லைக் கழற்றுங்கள். திரவம் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பறிமுதல் செய்தி வெளியிடும்போது, உதிரிப் பகுதிகளுக்கும் தடை உண்டு என்பதையும், மேலே சொன்ன உதவி எண்ணையும் செய்தியின் கீழே கட்டமிட்டு வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். எங்கள் பட்டறையில் நாளிதழ் வாங்குகிறோம். வேலைக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.